பிரான்சிலிருந்து ஊருக்கு வந்த சிப்பாய்க் கடிதங்கள்: எவ்வளவு நம்பலாம்?

கேள்வி இது: முதல் உலகப் போரில் பிரான்சில் சண்டையிட்ட இந்தியச் சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் என்று சில பகுதிகள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்கிறார்கள். அப்புறம் எப்படிக் கடிதம் எழுதினார்கள்? அதிகாரிகள் பிரித்துப் படித்து அனுப்பிய கடிதத்தில் உண்மை இருக்குமா?

கடிதங்கள் உண்மையானவைதான். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு கடிதமும் சிப்பாயின் வாயிலிருந்து கிளம்பி நம் கண்ணுக்கு வருவதற்குள் மூன்று நான்கு பேர் கைபட்டிருக்கிறது. யார் யார் கை என்று தெரிந்துகொண்டால், எந்த வரியை எப்படி எடுத்துக்கொள்வது என்பது பிடிபட்டுவிடும். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

லாகூர், மீரட் என்ற இரண்டு டிவிஷன்களைச் சேர்ந்த துருப்புகள் 1914 செப்டம்பர் கடைசியில் மார்செய் துறைமுகத்தில் வந்து இறங்கத் தொடங்கின. அக்டோபர் முடிவதற்குள் அவர்கள் பெல்ஜியத்தில் ஈப்ர் பக்கம் பதுங்குகுழிகளில் நின்றார்கள். பலருக்கு உடம்பில் இருந்தது நம் ஊர் வெயிலுக்குத் தைத்த பருத்திச் சீருடை. கம்பளி உடுப்பு பிற்பாடுதான் வந்து சேர்ந்தது. அடுத்தடுத்துப் பெரிய சண்டைகள்: 1915 மார்ச்சில் நவ் ஷப்பேல், ஏப்ரலில் இரண்டாம் ஈப்ர், செப்டம்பரில் லூஸ். நவ் ஷப்பேலில் மட்டும் இந்தியப் படைப்பிரிவு நாலாயிரம் பேருக்கு மேல் பறிகொடுத்தது (செத்தவர்களும் காயம்பட்டவர்களும் சேர்த்து). 1915 கடைசியில் காலாட்படையை மெசபடோமியாவுக்கு (இன்றைய இராக்) மாற்றினார்கள். குதிரைப்படை 1918 வரை பிரான்சிலேயே இருந்தது. வேலைப்படையையும் சேர்த்தால் பிரான்சுக்குப் போன இந்தியர்கள் ஏறக்குறைய 1,38,000 பேர்.

இவர்களில் பெரும்பாலோர் பஞ்சாப், எல்லைப்புற மாகாணம், கர்வால், நேபாளம், ராஜபுதனம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தவர்கள் குறைவு. ஆகவே கடிதம் என்பது சொல்லி எழுதவைக்கிற விஷயம். கம்பெனியில் எழுத்து தெரிந்த ஒரு ஆள் இருப்பார். அவர் முன்னால் நாலு பேர் உட்கார்ந்து, ஒருவர் மாற்றி ஒருவர் தன் வீட்டுச் சேதியைச் சொல்லச் சொல்ல அவர் உருதுவிலோ குர்முகியிலோ (பஞ்சாபி எழுத்து) இந்தியிலோ எழுதிக் கொடுப்பார். ஊரில் அதைப் பிரித்துப் படிப்பதும் வேறொருவர்தான்: பள்ளி ஆசிரியர், தபால்காரர், இல்லையென்றால் படித்த உறவுக்காரர். மனைவிக்கு எழுதிய கடிதமென்றாலும் திண்ணையில் பத்துப் பேர் நடுவில்தான் வாசிக்கப்படும். நம் கிராமங்களிலும் ஒரு காலத்தில் இப்படித்தானே?

இது கடிதத்தின் தொனியையே மாற்றிவிடும். எழுதுகிறவர் காது கேட்கிறது, படிக்கிறவர் வாய் சொல்லப்போகிறது என்று தெரிந்தே சிப்பாய் பேசுகிறார். மனைவியிடம் ஆசையாகச் சொல்ல நினைத்தது உள்ளேயே நின்றுவிடும். பயந்தேன் என்று சொல்லவும் கூசும். 'இங்கு நலம், அங்கு நலமறிய ஆவல்' என்று நாம் எழுதி வந்தது போன்ற ஒரு வாய்பாடு அவர்களிடமும் இருந்தது. கடவுள் கிருபையால் சௌக்கியம், உங்கள் சௌக்கியம் தெரியவேண்டும், பெரியவர்களுக்கு வணக்கம், இன்னாருக்குச் சலாம் என்று பாதிப் பக்கம் ஓடிவிடும். அதற்குப் பிறகுதான் கடிதம் ஆரம்பிக்கிறது. எடுத்தவுடன் வருகிற சௌக்கியத்தை வைத்து ஆள் சௌக்கியமாக இருந்தார் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

அடுத்த கை, தணிக்கை. முதலில் ரெஜிமென்டிலேயே ஒரு வெள்ளை அதிகாரி பார்ப்பார். படை எங்கே நிற்கிறது, எத்தனை பேர் என்று வெளியே போகாமல் பார்ப்பது அவர் வேலை. அதற்கு மேல் இந்தியத் தபாலுக்கென்றே தனியாக ஒரு அலுவலகம் இருந்தது. கொஞ்ச நாளில் அது பிரான்சின் பூலோன் நகரத்தில் நிலைகொண்டது. தலைமைத் தணிக்கையாளர் ஈவ்லின் ஹோவெல், இந்தியாவில் வேலை பார்த்த ஐ.சி.எஸ். அதிகாரி. இந்த ஏற்பாடு தொடங்கியதன் முதல் நோக்கமே இந்தியாவிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் சிப்பாய்களுக்கு வரும் தபாலில் கதர் கட்சியின் (வெளிநாட்டிலிருந்த இந்தியர்கள் ஆங்கில ஆட்சிக்கு எதிராக நடத்திய புரட்சிக் கட்சி) பிரசுரங்கள் நுழைகின்றனவா என்று பார்ப்பதுதான். பிறகு காயம்பட்டு இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் கிடந்தவர்கள் ஊருக்கு எழுதியவை மிகவும் மனமுடைந்து இருந்ததால் வெளியே போகும் கடிதங்களும் இந்த வலைக்குள் வந்தன.

1915 மார்ச் வாக்கில் பிரான்சிலிருந்த இந்தியர்கள் வாரத்துக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கடிதங்கள் வரை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஹோவெலிடம் இருந்ததோ விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். எல்லாவற்றையும் படிப்பது நடக்கிற காரியமில்லை. கையில் கிடைத்ததில் ஒரு பகுதியைப் படித்து, முக்கியம் என்று தோன்றியதை ஆங்கிலத்தில் பெயர்த்து, சிப்பாய்களின் மனநிலை பற்றிய குறிப்போடு வாராவாரம் மேலிடத்துக்கு அனுப்பினார்கள். பெரும்பாலான மூலக் கடிதங்கள் உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. காலத்தில் காணாமலும் போயின. இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் இருப்பது அந்த அறிக்கைகளோடு சேர்த்து வைத்த ஆங்கிலப் பகுதிகள். நீங்கள் படித்ததும் அவற்றிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும். அதாவது பஞ்சாபியில் பேசி, உருதுவில் எழுதி, ஆங்கிலத்தில் பெயர்த்து, அதிலும் அதிகாரிக்கு எது கவலை தந்ததோ அது மட்டும் பொறுக்கி வைக்கப்பட்டது. கவலை தராத கடிதங்கள் ஆயிரக்கணக்கில் சத்தமில்லாமல் ஊருக்குப் போய்விட்டன.

இந்தப் பொறுக்கலை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். சிப்பாய்கள் எல்லாரும் மனம் நொந்துபோயிருந்தார்கள் என்று இந்தத் தொகுப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தணிக்கை இருந்ததால் எல்லாம் பொய் என்றும் சொல்ல முடியாது. ஏனென்றால் ஹோவெலின் வேலைக்குச் சிப்பாய் மனம்விட்டுப் பேசுவது தேவையாக இருந்தது. கண்டபடி கடிதங்களை நிறுத்தினால் எல்லாரும் உஷாராகிவிடுவார்கள், ஊரிலும் பீதி கிளம்பும். ஆகவே பெரும்பாலானவற்றை அப்படியே போகவிட்டார்கள். ஊரில் புதிதாகப் படையில் சேருவதைத் தடுக்கக்கூடியவை, ராஜத்துரோகம் தெரிபவை, வெள்ளைக்காரப் பெண்களைப் பற்றி இஷ்டத்துக்கு எழுதியவை போன்றவற்றில்தான் கைவைத்தார்கள்.

கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்பது சிப்பாய்களுக்கும் தெரியும். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி சங்கேதம். கருமிளகும் சிவப்பு மிளகாயும் அதில் ரொம்பப் பிரசித்தம். கருமிளகு தீர்ந்துபோச்சு, இப்போது சிவப்பைப் போடுகிறார்கள், ஆனால் காரம் கருமிளகுக்குத்தான் அதிகம் என்று ஒருவர் எழுதினார். கருமிளகு இந்தியச் சிப்பாய், சிவப்பு வெள்ளைக்காரச் சிப்பாய். எங்கள் ஆட்கள் செத்துத் தீர்ந்துகொண்டிருக்கிறார்கள் என்பதையும், சண்டையில் நாங்கள்தான் கெட்டி என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். தணிக்கை அலுவலகத்துக்கு இது புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது.

உண்மை எவ்வளவு தூரம் வெளியே வந்தது என்பதற்கு 1915 மே மாதத்துக் கடிதம் ஒன்று. பிரான்சிலிருந்த ஹவில்தார் ஒருவர் பலுசிஸ்தானில் வேறு ரெஜிமென்டில் இருந்த நண்பருக்கு எழுதியது. கடவுள் பேரால் சொல்கிறேன், இந்த ஐரோப்பியச் சண்டைக்கு வராதே, வராதே, வராதே என்று மூன்று தரம் சொல்கிறார். தன் தம்பியைப் பட்டாளத்தில் சேரவேண்டாம் என்று சொல்லச் சொல்கிறார். சாவன் மாதத்து மழை மாதிரி இரவும் பகலும் குண்டு பொழிகிறது, இதுவரை தப்பியவர்கள் பானைச் சோற்றில் வேகாமல் நின்ற ஒன்றிரண்டு பருக்கை மாதிரி என்கிறார். இப்படி ஒரு வரியை எந்த மொழிபெயர்ப்பாளரும் சொந்தமாக உட்கார்ந்து புனைய மாட்டார். அடுப்படியும் வயலும் பார்த்து வளர்ந்தவர் வாயிலிருந்துதான் இது வரும். மூன்று கை மாறியும் பருக்கை பருக்கையாகவே இருக்கிறது. இது சண்டையில்லை, உலகத்தின் முடிவு, நம் முன்னோர் மகாபாரதத்தில் கண்டது போன்ற யுத்தம் என்று காயம்பட்ட இன்னொருவர் 1915 ஜனவரியில் எழுதியதும் அப்படித்தான்.

கவிதை பற்றியும் ஒரு வார்த்தை. சிப்பாய்கள் திடீரென்று செய்யுளில் எழுத ஆரம்பிப்பது மனம் நிலைகுலைவதன் கெட்ட அறிகுறி என்று ஹோவெல் தன் அறிக்கையில் குறித்திருக்கிறார். பிற்காலத்தில் பஷ்தூ கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அவர். கவிதை தெரியாத ஆள் இல்லை. ஆனாலும் இந்த இடத்தில் அவரோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஒப்பாரியும் தெம்மாங்கும் உள்ள சமூகத்தில் பிறந்த நமக்கு, துக்கம் தாளாதபோது பாட்டு வருவது நோயாகத் தெரியாது. சாதாரணப் பேச்சில் சொல்லக் கூசியதைப் பாட்டில் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதே காலத்தில் வேறு ஒரு மாதிரிக் கடிதங்களும் வந்தன. கவலைப்படாதீர்கள், ராஜா சிம்மாசனம் போட்டு அமர்ந்த இடத்தில் எங்கள் ஆஸ்பத்திரி, நாலு வேளை சாப்பாடு, பால் வேறு கிடைக்கிறது என்று பிரைட்டனிலிருந்து எழுதினார்கள். அதுவும் பொய் இல்லை. இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரை நகரத்து ராயல் பெவிலியன் அரண்மனையை 1914 டிசம்பரில் இந்தியர்களுக்கான ஆஸ்பத்திரியாக மாற்றினார்கள். பக்கத்து டோம் கட்டடத்தையும் சேர்த்து எழுநூறுக்கு மேல் படுக்கை. மதம், சாதி பார்த்து ஒன்பது சமையல்கூடங்கள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய். அரசுக்கு இது நல்ல விளம்பரம். ஆங்கிலம், உருது, குர்முகி மூன்றிலும் சிறு நூல் அச்சடித்துப் பரப்பினார்கள்.

ஆனால் அதே ஊரில் பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் பெயரிலிருந்த இன்னொரு இந்திய ஆஸ்பத்திரியில் முள்வேலியும் காவலும் போட்டு, அனுமதியில்லாமல் வெளியே போக முடியாதபடி வைத்திருந்தார்கள். ஜெயிலில் இருப்பது போல இருக்கிறது என்று அங்கிருந்தவர்கள் புலம்பினார்கள். எல்லாவற்றுக்கும் மேலான மனக்குறை வேறு. காயம் ஆறியவர்களைத் திரும்பவும் போர்முனைக்கே அனுப்பினார்கள். ஒரு தரம் அடிபட்டாயிற்று, கடமை தீர்ந்தது, இனி ஊருக்கு அனுப்புவார்கள் என்று நினைத்தவர்களுக்கு இது பேரிடி. செத்தால் ஒழிய, கைகால் போனால் ஒழிய விடமாட்டார்கள் என்ற பேச்சு கடிதத்துக்குக் கடிதம் வருகிறது. ஊரிலிருந்து சேங்கொட்டை அனுப்பச் சொல்லி எழுதியவர்களும் இருந்தார்கள். அதன் பால் பட்டால் தோல் வெந்து கொப்புளம் கிளம்பும் என்பது நம் கிராமத்து ஆட்களுக்குத் தெரியும். புண் வரவழைத்துக்கொண்டு சண்டையிலிருந்து கழன்றுகொள்ளத்தான் அது.

இதைப் படித்துவிட்டு அவர்களைக் கோழைகள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சேங்கொட்டை கேட்ட அதே படையில்தான் சர்க்காரின் உப்பைத் தின்றேன், செஞ்சோற்றுக் கடன் தீர்க்காமல் திரும்பினால் குலத்துக்கே அவமானம் என்று எழுதியவர்களும் நின்றார்கள். இரண்டையும் எழுதியது ஒரே மனிதராகவும் இருக்கலாம். அப்பாவுக்கு எழுதும்போது மானம், தம்பிக்கு எழுதும்போது வராதே. யாருக்கு எழுதுகிறார் என்பதைப் பார்க்காமல் ஒரு கடிதத்தையும் எடைபோட முடியாது. தகப்பனாருக்கும் கிராமத்துப் பெரியவருக்கும் எழுதியதில் விசுவாசம் தூக்கலாக இருக்கும். பட்டாளத்திலேயே இருக்கும் சிநேகிதனுக்கு எழுதியதில்தான் பாரம் இறங்கும்.

போரே இல்லாத கடிதங்கள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவை. மழை பெய்ததா, கோதுமை எப்படி, எருமை கன்று போட்டதா, நிலத்து வழக்கு என்ன ஆயிற்று, அனுப்பிய பணம் வந்ததா, தங்கச்சிக்கு வரன் பார்த்தீர்களா? இரண்டு மைல் தள்ளிப் பீரங்கி வெடித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் வாய்க்கால் தகராறைப் பற்றி நாலு பத்தி சொல்லி எழுதவைக்கிறார் என்றால், மனசால் அவர் அங்கே இல்லை, ஊரில் இருக்கிறார்.

பிரான்சை அவர்கள் பார்த்த விதமும் இவற்றில்தான் இருக்கிறது. ஆண்களெல்லாம் சண்டைக்குப் போய்விட, பெண்கள் ஏர் ஓட்டி, கடை நடத்தி, கணக்கு எழுதுவதைப் பார்த்து அசந்துபோனார்கள். நம் வீட்டுப் பெண்பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று ஊருக்கு எழுதியவர்கள் உண்டு. 1916 தொடக்கத்தில் ஒரு பஞ்சாபி முஸ்லிம் சிப்பாய், தான் மூன்று மாதம் தங்கியிருந்த வீட்டுப் பிரெஞ்சு மூதாட்டியைப் பற்றி எழுதினார். அந்த அம்மாவுக்கு மூன்று மகன்கள். ஒருவன் செத்துவிட்டான், ஒருவன் காயம்பட்டுக் கிடக்கிறான், ஒருவன் இன்னும் பதுங்குகுழியில். இவருக்கு அவர் துணி துவைத்தார், படுக்கை போட்டார், பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டார், காலையில் ரொட்டியும் காப்பியும் கொடுத்தார். கிளம்பும் நாளில் தோளில் சாய்ந்து அழுது, ஐந்து ஃப்ராங்க் நோட்டைக் கையில் திணித்தார். தன் பிள்ளைக்காக அத்தனை நாளும் கண்ணீர் விடாத அம்மா அன்றைக்கு அழுதார் என்று சிப்பாய் ஊருக்குச் சொல்கிறார். காலனி நாட்டுச் சிப்பாய்க்கு ஒரு வெள்ளைக்காரத் தாய் பூட்ஸ் துடைத்தாள் என்ற செய்தி அந்தக் காலத்துக் கிராமத்தில் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழ்க் கடிதங்கள் ஏன் கண்ணில் படவில்லை என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். 'போர்க்குடிகள்' என்று சில சாதிகளையும் வட்டாரங்களையும் மட்டும் பொறுக்கியெடுக்கும் கொள்கையால், 1914-க்கு முந்தைய இருபது முப்பது ஆண்டுகளில் சென்னை மாகாணத்திலிருந்து ஆளெடுப்பது வெகுவாகக் குறைந்திருந்தது. பிரான்சுக்குப் போன இரண்டு டிவிஷன்களும் பெரும்பாலும் வடக்கத்திக்காரர்கள். நம்மவர்கள் பெரும்பாலும் மெசபடோமியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இருந்தார்கள். 1914 நவம்பரில் ஜெர்மானியர் வசமிருந்த தாங்கா துறைமுகத்தில் தோற்றுத் திரும்பிய படையில் பாளையங்கோட்டைப் பெயரைத் தாங்கிய 63-வது ரெஜிமென்டும் இருந்தது. அந்த முனைகளின் சிப்பாய்க் கடிதங்கள் பிரான்சைப் போல இவ்வளவு விரிவாகத் தொகுக்கப்படவில்லை.

சொந்தக் கையால் எழுதியவரின் கடிதம் எப்படி வேறுபடும் என்பதற்கு மெசபடோமியாவிலிருந்து ஒரு உதாரணம் உண்டு. கல்யாண் முகர்ஜி என்ற வங்காள ராணுவ மருத்துவர் தன் தாய்க்கு வங்காளியில் எழுதியவை அவை. அவர் மெசபடோமியாவின் கூட் நகரத்தைத் துருக்கியர் முற்றுகையிட்டபோது அதில் சிக்கி, 1916 ஏப்ரலில் படை சரணடைந்தபோது கைதாகி, 1917-ல் சிறைமுகாமிலேயே இறந்தார். அவருடைய பாட்டி தன் எண்பதாவது வயது வாக்கில் அந்தக் கடிதங்களைச் சேர்த்து 1928-ல் புத்தகமாக்கினார். ஒரு துண்டு நிலத்துக்காக மனிதனை மனிதன் கொல்லச் சொல்லும் தேசபக்தியையே முகர்ஜி அதில் கேள்வி கேட்கிறார். நடுவில் எழுதிக் கொடுக்கும் ஆள் இல்லாததால் அந்தக் குரல் நேராக வருகிறது. ஆனால் அது படித்த மருத்துவரின் குரல். ஏர் பிடித்த சிப்பாயின் குரலுக்கு அது ஈடாகாது.

அந்தச் சிப்பாயின் குரலை, எந்தக் கையும் படாமல், காதாலேயே கேட்கவும் ஒரு இடம் இருக்கிறது. பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டோர்ஃப் கைதி முகாமில் இந்தியப் போர்க்கைதிகளை ஜெர்மானிய மொழியியல் ஆய்வாளர்கள் ஒலிப்பதிவு செய்தார்கள். 1916 டிசம்பர் 11 அன்று பதிவான ஒரு சீக்கியர், ஃபிரோஸ்பூர் பக்கத்துக்காரர், தன்னைப் பற்றியே யாரோ மூன்றாம் மனிதரைச் சொல்வது போலப் பேசுகிறார். ஒரு மனிதன் இருந்தான், இந்துஸ்தானத்தில் வெண்ணெய் சாப்பிட்டான், இரண்டு சேர் பால் குடித்தான், ஆங்கிலேயரிடம் வேலைக்குச் சேர்ந்தான், சண்டைக்கு வந்தான், ஜெர்மானியர் பிடித்தார்கள், இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே இருந்தால் செத்துப்போவான், கடவுள் சித்தமிருந்து சமாதானம் வந்தால் ஊருக்குப் போவோம். கடைசியில் 'அவன்' போய் 'நாங்கள்' வந்துவிடுகிறது. தபாலில் போகாத கடிதம் என்றுதான் நான் இதை நினைக்கிறேன். இதைக் கேட்டுவிட்டு அந்த ஆங்கிலப் பகுதிகளுக்குத் திரும்புங்கள். உயிரில்லாததாகத் தெரிந்த வரிகளுக்குப் பின்னால் எப்படிப்பட்ட பேச்சு இருந்திருக்கும் என்று உங்களால் ஊகிக்க முடியும்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ இப்படிக் கடிதங்கள் இருந்தால் அவை பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தவையாக இருக்கும். அப்போது சென்னை மாகாணத்திலிருந்து ஏராளமானோர் சேர்ந்து பர்மா, வட ஆப்பிரிக்கா, இத்தாலி வரை போனார்கள். கடிதத்தில் ஊர்ப் பெயர் இருக்காது. அதைத் தேடி ஏமாற வேண்டாம். உறையில் எஃப்.பி.ஓ. என்ற களத் தபால் நிலைய எண்ணும் தேதி முத்திரையும் இருக்கும், தணிக்கை முத்திரையும் இருக்கும். அந்த எண்ணையும் தேதியையும் சேர்த்துப் பார்த்தால் அந்த மாதம் அந்தத் தபால் நிலையம் எந்த நாட்டில் இருந்தது என்பதைத் தபால் வரலாற்றுச் சேகரிப்பாளர்கள் சொல்லிவிடுவார்கள். உறையைப் பிரித்து எறியாதீர்கள், முத்திரையை வெட்டி எடுக்காதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். முன்பக்கம், பின்பக்கம், உறை மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகு ஆற அமரப் படியுங்கள்.